ஆட்டைத் தின்னலாம், மனுஷனை ஏன் தின்னக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் ஒன்பது வயது மகள் கேட்ட கேள்வி இது. "பேசாமல் சாப்பிடு" என்று அடக்கிவிட்டீர்கள், ஆனால் அப்புறம் உங்களுக்கே அது மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. நண்பர்களைக் கேட்டதில் இரண்டு பதில் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சதைதான், மனிதக்கறி தப்பு என்றால் ஆட்டுக்கறியும் அதே அளவு தப்பு என்பது ஒன்று. எல்லாம் வெறும் பழக்கம், நாம் பழகாததால் அருவருக்கிறோம், அவ்வளவுதான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே தப்பாகப் படுகிறது. நான் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன், ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவன், இந்தக் கேள்வியோடு ரொம்ப வருஷமாக மல்லுக்கட்டுகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், எல்லோரும் சட்டென்று சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். வலிக்கும், அதனால் கூடாது என்பார்கள். சரி, பைக்கில் போன இருபத்தைந்து வயசுப் பையன் லாரியில் அடிபட்டு அந்த இடத்திலேயே போய்விட்டான். இனி அவனுக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. அவன் கண்ணை எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறோம், முழு உடம்பையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கிறவர்கள்கூட உண்டு. ஆனால் தொடைக்கறி வீணாகிறதே, குழம்பு வைக்கலாமே என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு என்ன காரணம் சொல்லிப் புரியவைப்பீர்கள்? வலி என்ற காரணம் அங்கே செல்லாது. அடுத்தது அறிவு. மனிதனுக்கு யோசிக்கத் தெரியும், ஆட்டுக்குத் தெரியாது என்பார்கள். பிறந்து பத்து நாளான குழந்தையைவிட நம் வீட்டு நாய்க்கு விவரம் அதிகம். ஞாபகமறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன பாட்டி இருக்கிறார். அதற்காக அவர்களைத் தின்னலாம் என்று யாரும் சொல்வதில்லை.

நோய் வரும் என்பதும் உண்மைதான். பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதியில் ஃபோரே மக்கள் இறந்த சொந்தக்காரர்களின் உடலைத் தின்னும் சடங்கு வைத்திருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் பெரும்பாலும் பங்கெடுத்தார்கள், மூளையும் அவர்களுக்கே போனது. அதனால் குரு என்ற நோய் வந்தது. முதலில் நடை தள்ளாடும், கைகால் உதறும், அப்புறம் எழவே முடியாது, ஒரு வருஷத்துக்குள் சாவு. உச்சத்தில் ஆண்டுக்கு 200 பேர் வரை போனார்கள். அந்த நோய் தொற்றக்கூடியது என்று காட்டியதற்காக கார்ல்டன் கஜ்டுசெக் என்ற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குரு என்ற பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கான மக்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே மனிதக்கறியைத் தொடாமல்தான் இருந்தார்கள். நாளைக்கே ஒரு மாத்திரை கண்டுபிடித்து நோய் வராது என்று சொன்னாலும் நீங்கள் தட்டை நீட்டப்போவதில்லை.

சம்மதம் இல்லாததுதான் பிரச்சினையா? ஜெர்மனியில் ரோட்டன்பர்க் என்ற ஊரில் 2001-இல் அர்மின் மைவெஸ் என்பவர், இணையத்தில் அறிவிப்புப் போட்டு, தன்னைத் தின்னச் சம்மதித்துத் தேடி வந்த ஒரு ஆளைக் கொன்று தின்றார். மனிதக்கறி தின்பதற்கென்று ஜெர்மன் சட்டத்தில் தனிக் குற்றம் கிடையாது. 2004-இல் முதல் விசாரணையில் எட்டரை வருஷம் சிறை. அது போதாது என்று மறுவிசாரணை நடந்து, 2006-இல் கொலைக்குற்றம் என ஆயுள் தண்டனை. செத்தவர் சம்மதித்தே வந்தார் என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும். அந்தச் சம்மதம் எதையும் சரியாக்கவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

கொல்வதுதானே தப்பு என்று கேட்கலாம். 1884 மே 19-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் இருந்து சிட்னிக்கு மிக்னொனெட் என்ற சின்னப் பாய்க்கப்பல் கிளம்பியது. மொத்தமே நாலு பேர். தலைவர் டாம் டட்லி, அவருக்குக் கீழே ஸ்டீபன்ஸ், புரூக்ஸ், அப்புறம் ரிச்சர்ட் பார்க்கர் என்ற பதினேழு வயசு எடுபிடிப் பையன், அப்பா அம்மா இல்லாதவன். ஜூலை 5-ஆம் தேதி தென் அட்லாண்டிக்கில் பெரிய அலை அடித்துக் கப்பல் சில நிமிஷத்தில் முழுகிவிட்டது. தோணியில் ஏறிய நாலு பேருக்கும் சேர்த்துக் கையில் இருந்தது இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு. குடிக்கத் தண்ணீர் இல்லை. நாலாம் நாள் ஒரு கடலாமை சிக்கியது. அதைக் கொன்று, ஒரு வாரத்துக்கு மேல் அதைத் தின்றே ஓட்டினார்கள். பையன் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்து நினைவு தப்பிக் கிடந்தான். இருபதாம் நாள் வாக்கில் டட்லி பேனாக்கத்தியை அவன் கழுத்தில் இறக்கினார். அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு ஜெர்மன் கப்பல் கண்ணில் பட்டது.

ஊருக்கு வந்த டட்லி எதையும் ஒளிக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். துறைமுகத்து ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். செத்த பையனின் அண்ணனே, அவரும் கப்பலில் வேலை செய்கிறவர்தான், நீதிமன்றத்துக்கு வந்து டட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனாலும் பசி என்பது கொலைக்குச் சாக்கு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. மரண தண்டனை விதித்து, பின்பு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயம். ஆமையைக் கொன்றது யாருக்கும் ஒரு குற்றமாகவே தோன்றவில்லை. கொல்லச் சம்மதிக்காத புரூக்ஸும் கடைசியில் தின்றார், ஆனால் அவர் கூண்டில் நிற்கவில்லை, சாட்சியாக வந்தார். அதாவது சட்டம் தண்டித்தது கொன்றதை மட்டும். தின்றதைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கேட்ட எல்லோருக்கும் வயிற்றைப் பிசைந்தது அந்தத் தின்றதுதான். அந்த இடத்துக்குத்தான் நமக்குப் பதில் வேண்டும்.

ஆண்டிஸ் மலையில் 1972 அக்டோபர் 13-ஆம் தேதி விழுந்த உருகுவே விமானத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 45 பேர் ஏறியதில் கடைசியில் 72 நாள் கழித்து மீண்டவர்கள் 16 பேர். தின்ன வேறு எதுவும் இல்லாமல் போன பிறகுதான் பனியில் கிடந்த உடல்களைத் தொட்டார்கள். அங்கே யாரும் யாரையும் கொல்லவில்லை. நான் செத்தால் என் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் பாவம் இல்லை என்று சொல்லிவிட்டது. நானும் தப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போன அந்தக் குளிரிலும், அந்தப் பசியிலும், நாந்தோ பர்ராடோ என்ற பையனின் அம்மா, தங்கை இரண்டு பேர் உடலையும் தொடுவதில்லை என்று மற்றவர்கள் பேசி வைத்திருந்தார்கள். இறந்துபோன அந்தப் பெண்மணி அந்த மலையிலும் நாந்தோவின் அம்மாவாகவே இருந்தார்.

இதற்கு நேர் எதிராகத் தோன்றுகிற ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். பிரேசிலின் மேற்குக் காட்டில் இருக்கும் வாரி மக்கள் 1960-கள் வரை தங்கள் இறந்தவர்களைத் தின்றார்கள். பழக்கம்தான் எல்லாம் என்கிறவர்கள் இவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் எப்படித் தின்றார்கள் என்று பாருங்கள். செத்தவரின் ரத்த சொந்தங்கள் தொடமாட்டார்கள், சம்பந்த வழி வந்தவர்கள், நம் பாஷையில் மாமன் மச்சான் முறைக்காரர்கள், அதைக் கடமையாகச் செய்யவேண்டும். கையால் எடுக்கக் கூடாது, சின்னக் குச்சியில் குத்தித் துணுக்குத் துணுக்காக எடுக்கவேண்டும். சுற்றிலும் ஒப்பாரி. பல நேரம் உடல் கெட ஆரம்பித்திருக்கும், குமட்டினாலும் செய்தாக வேண்டும், ஏனென்றால் அன்பானவரை ஈரமும் குளிருமான மண்ணுக்குள் தள்ளிவிடுவதை அவர்களால் தாங்க முடியாது. வேட்டையாடிய காட்டுப்பன்றியை யாரும் அப்படித் தின்பதில்லை. நாம் எரிக்கிறோம், புதைக்கிறோம், அவர்கள் தின்றார்கள். மூன்றும் ஒரே வேலைதான், அதன் பெயர் அடக்கம். வாரி மக்களுக்கும் தங்கள் சொந்தக்காரர் கறி அல்ல.

அதனால் என் பதில் இதுதான். மனிதனைத் தின்னக் கூடாது என்பது வலியைக் கணக்குப் பார்த்து, அறிவை அளந்து பார்த்து நாம் வந்து சேர்ந்த முடிவு இல்லை. முதலில் ஆள் என்று பார்க்கிறோம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது. பிறந்ததும் பெயர் வைக்கிறோம், செத்தால் அழுகிறோம், காரியம் செய்கிறோம், பேரைச் சொல்லி வருஷா வருஷம் படையல் போடுகிறோம். இதையெல்லாம் செய்து செய்துதான் மனிதன் என்றால் என்ன என்று குழந்தைக்கே தெரியவருகிறது. கோரா டயமண்ட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1978-இல் எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி, வலி என்றால் யாருடையதானாலும் வலிதான், வேறு உயிரினம் என்று காட்டித் தள்ளுவது நிறத்தைக் காட்டித் தள்ளுவது போலத்தான் என்று வாதாடியிருந்தார். டயமண்டும் புலால் உண்ணாதவர்தான். ஆனால் செத்த மனிதனை ஏன் தின்பதில்லை என்பதையே விளக்க முடியாத ஒரு வாதம் ஆட்டைக் காப்பாற்ற உதவாது என்றார். நான் அவர் கட்சி. தமிழில் உயிர் என்ற சொல் ஆட்டுக்கும் ஆளுக்கும் பொதுவாக ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் அது போன பிறகு இரண்டு சொல் ஆகிவிடுகிறது, ஒன்று பிணம், ஒன்று கறி.

சரி, ஆடு ஆள் இல்லை, ஆகவே தின்னலாம், வழக்கு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையான காட்சி மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் இருக்கிறது. சாதுவன் என்ற வணிகன், கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்கி ஒரு மரத்தடியில் அசந்து தூங்குகிறான். நாகர்கள் வந்து, நல்ல தசையுள்ள உடம்பு, நமக்கு உணவு என்று எழுப்புகிறார்கள். எழுந்தவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அவ்வளவுதான், கை நின்றுவிடுகிறது. ஒரு நொடி முன்பு வரை உணவாக இருந்தவன் வாயைத் திறந்ததும் ஆளாகிவிட்டான், மரியாதையாகத் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள் காய்ச்சும் பானை, முடைநாற்றம், காயும் வெள்ளெலும்பு இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைவனிடம் சாதுவன் உயிர்க்கொலை கூடாது என்கிறான். அப்படியானால் நாங்கள் எப்படி வாழ்வது என்ற கேள்வி வருகிறது. அதற்குச் சாதுவன் சொல்லும் பதிலைப் பாருங்கள். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், காப்பாற்றுங்கள். வயதாகித் தானே செத்த விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதீர்கள். மனிதனைக் கொல்லவோ தின்னவோ எந்தச் சலுகையும் கிடையாது. விலங்குக்குக் கொலையை விலக்கிவிட்டு, கறியை மட்டும் விடுகிறான். ஒரே மூச்சில் இரண்டு கோடு போடுகிறான், இரண்டும் ஒரே கோடு என்று அவன் நினைக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்று நெஞ்சில் குத்தும். தானாகச் செத்த விலங்கின் கறிதான் பாவம் குறைந்தது என்று காப்பியம் சொல்கிறது, ஆனால் நம் ஊர்களில் செத்த மாட்டை எடுத்துப்போடும் வேலையைச் சிலர் தலையில் கட்டி, வேறு சோறு இல்லாமல் அதைத் தின்னவும் வைத்துவிட்டு, அதையே காரணமாகச் சொல்லி அவர்களைச் சேரிக்குள் ஒதுக்கி வைத்தார்கள். பிணந்தின்னி என்ற வசை இன்றைக்கும் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். ஆட்டுக்கறியும் மனிதக்கறியும் ஒன்றுதான் என்று பேசுகிறவர்கள், அவர்கள் மனசில் கருணைதான் இருந்தாலும், இந்த வசைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். மாட்டுக்கறிக்காக மனிதனை அடித்துக் கொல்லும் நாட்டில் இந்த இரண்டு கோட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது ஆடு. எனக்கு உங்கள் மகள் வயசுதான் இருக்கும். தாய் ஆடு குட்டி போட்டதும் செத்துப்போக, அந்தக் கிடாய்க்குட்டிக்கு அப்பத்தாதான் பாலாடையில் பால் புகட்டி வளர்த்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, அதனால் பெயரும் சுட்டி. அப்பத்தா அதனிடம் பேசிக்கொண்டே இருப்பாள், மழை வருதுடா உள்ளே வா, நேற்று ஏன் அவரைக்கொடியை மேய்ந்தாய் என்று. ஏற்கெனவே கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட குட்டி அது. இரண்டு வருஷம் கழித்துக் கோயிலில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆடு உடம்பை உதறிச் சிலிர்க்கவேண்டும், அதுதான் உத்தரவு, அது வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். ரொம்ப நேரம் அது சும்மா நின்றது. பெரியவர்கள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டார்கள், அப்பா இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். காதுக்குள் தண்ணீர் போனதும் அது சிலிர்த்தது. அப்பத்தா கோயிலுக்கே வரவில்லை.

மைவெஸ் வழக்கை மனசில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மனிதன் தானே வந்து முழுச் சம்மதம் சொன்னாலும் நாம் ஏற்பதில்லை. ஆடு தண்ணீர் பட்டுச் சிலிர்த்தால் போதும், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சிலிர்ப்புக்காக அத்தனை பேரும் வெயிலில் காத்து நின்றார்களே, அது ஏன்? கல்லை உடைக்கவும் கத்தரிக்காயை நறுக்கவும் யாரும் உத்தரவு கேட்பதில்லை. ஆடு முழுசாக ஆள் இல்லை, முழுசாகப் பொருளும் இல்லை, அதை வெட்ட நமக்கு ஏதோ ஒரு அனுமதி வேண்டியிருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. சாதுவனைப் போல அதற்கு நம் மொழி தெரியாது, ஆனால் நம்மில் சிலர் அதனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்தக் கூச்சம்கூட அறவே இல்லாமல் போன இடத்தில். பிராய்லர் கோழியைப் பாருங்கள். முட்டையில் இருந்து வந்து நாற்பது நாளில் இரண்டு கிலோ ஆகிவிடுகிறது, கால் அந்தக் கனத்தைத் தாங்காமல் பல கோழிகள் உட்கார்ந்தே இருக்கும். கடையில் கூண்டைத் திறந்து றெக்கையோடு சேர்த்து இழுத்து, தராசில் போட்டு, கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் வீசுகிறார்கள். டிரம் கொஞ்ச நேரம் தடதடவென்று அடித்துக்கொண்டு கிடக்கும். நாம் அதன் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்போம், தோல் உரித்தா உரிக்காமலா என்று கடைக்காரர் கேட்டால் மட்டும் நிமிர்வோம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, நமக்காகத்தான் அவர் அதைச் செய்கிறார். பிரிட்டனில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். அறுத்த மாடுகளின் மிச்சத்தை அரைத்துத் தீவனமாக்கி, புல் தின்கிற மாட்டுக்கே மாட்டை ஊட்டினார்கள். 1986-இல் மாட்டுப் பைத்திய நோய் கண்டுபிடிக்கப்பட்டது, 1996-இல் அது மனிதருக்கும் வந்திருக்கிறது என்று அரசே ஒத்துக்கொண்டது, 40 லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைக் கொன்றார்கள். அந்த நோயும் ஃபோரே மக்களைக் கொன்ற குருவும் ஒரே வகை. ஃபோரே மக்களாவது பாசத்தில் செய்தார்கள், இங்கே தீவனச் செலவை மிச்சம் பிடிக்கச் செய்தார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பிராய்லர் கோழி வாங்குவதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போனால், தெரிந்தவர் வீட்டில் மேய்ந்து வளர்ந்த ஆடு என்றால் சாப்பிடுகிறேன், வருஷத்தில் இரண்டு மூன்று தடவை. அதையும் விட்டுவிட வேண்டும் என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் கண்ணைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மகளிடம் என்ன சொல்வது என்றுதானே கேட்டிருந்தீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மனுஷங்க நம்ம ஆளுங்க, செத்தப்புறமும் நம்ம ஆளுங்கதான், அதனால தின்ன மாட்டோம். ஆடும் கொஞ்சம் நம்ம ஆளு மாதிரிதான், எவ்வளவுன்னு எனக்கும் சரியாத் தெரியலை." தெரியவில்லை என்று அப்பா சொல்வதால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கறிக்கடைக்கு நானும் வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள், கண்ணை மூடாதீர்கள். அதற்கப்புறம் ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்தாள் என்றால், ஏன் என்று துருவவோ கிண்டல் பண்ணவோ வேண்டாம், அவளுக்கு வேறு ஏதாவது செய்து கொடுங்கள். சுட்டியை வெட்டிய அன்று ராத்திரி, வீடு முழுக்கக் கறி வாசனை அடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா தனியாக ஒரு சின்னச் சட்டியில் ரசம் வைத்து அப்பத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பந்தியில் இருந்த யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரண்டாம் தடவையும் கறி வாங்கிச் சாப்பிட்டேன், அது நல்ல ருசியாகத்தான் இருந்தது.